நூற்பட்டியல் தளத்தை ரியாக்ட்டுக்கு மாற்றியபோது

நண்பர் ஒருவரின் சிறிய பதிப்பகத்துக்கான இணையதளம் பல ஆண்டுகளாக வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம், கவிதை, நாவல், வரலாறு என ஒவ்வொரு வகைக்கும் ஒரு பட்டியல், புதிய வெளியீடுகளுக்குத் தனியே ஒரு பக்கம் என்று அனைத்தும் கையால் எழுதப்பட்டவை. மறுபதிப்பில் ஒரு நூலின் விலை கூடினால் குறைந்தது மூன்று கோப்புகளைத் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பட்டியலில் ஒரு விலையும் நூலின் பக்கத்தில் வேறொரு விலையும் நிற்கும். தேடவும் வகைவாரியாக வடிகட்டவும் வசதி வேண்டும் என்று அவர் கேட்டபோது, பழைய ஜாவாஸ்கிரிப்ட் கருவித்தொகுப்பான ஜேக்குவெரியில் எழுதி ஏற்கெனவே சிக்கலாகிக் கிடந்த நிரலில் மேலும் சில வரிகளை ஒட்டுவதைவிட, பட்டியல் பகுதியை, பக்கத்தைக் காம்பொனென்ட்டுகள் என்ற சிறு துண்டுகளாகக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவியான ரியாக்ட்டில் புதிதாக எழுதிவிடுவது மேல் என்று முடிவு செய்தேன்.

தளம் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை என்பது இதில் பெரிய ஆறுதல். பழைய பக்கத்தில் ஒரு காலி டிவ் (பக்கத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் குறிச்சொல்) வைத்து, ரியாக்ட்டின் கிரியேட்ரூட் கட்டளை மூலம் அந்த இடத்தை மட்டும் ரியாக்ட்டிடம் ஒப்படைத்தால் போதும். மேலே உள்ள மெனுவும் கீழே உள்ள முகவரியும் இருந்தபடியே இருக்கும். 2020 அக்டோபரில் வெளிவந்த 17ஆம் பதிப்பிலிருந்து, கிளிக் போன்ற நிகழ்வுகளைக் கவனிக்கும் வேலையை ரியாக்ட் முழு ஆவணத்திலும் வைக்காமல் அந்த டிவ்விலேயே வைத்துக்கொள்வதால், பக்கத்தில் மிச்சமிருந்த ஜேக்குவெரியோடு மோதலும் எழவில்லை. ரியாக்ட் திட்டங்களைத் தொடங்கித் தரும் பழைய கருவியான கிரியேட் ரியாக்ட் ஆப் புதிய செயலிகளுக்கு வேண்டாம் என்று ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது. ஆகவே வீட் என்ற கருவியைக் கொண்டு திட்டத்தைத் தொடங்கினேன்.

ஹெச்டிஎம்எல் குறிச்சொற்களை, ரியாக்ட்டில் அவற்றை எழுதும் வடிவமான ஜேஎஸ்எக்ஸுக்கு மாற்றுவதைப் பற்றித்தான் பலரும் விரிவாக எழுதுகிறார்கள். உண்மையில் அது அலுப்பான வேலையே தவிரக் கடினமான வேலை அன்று. கிளாஸ் என்பது கிளாஸ்நேம் ஆக வேண்டும், லேபிளில் உள்ள ஃபார் என்பது ஹெச்டிஎம்எல்ஃபார் ஆக வேண்டும், படத்துக்கும் வரி முறிவுக்கும் உரிய குறிச்சொற்களை மூட வேண்டும், ஸ்டைலைச் சரமாகத் தராமல் ஆப்ஜெக்ட்டாகத் தர வேண்டும். எடிட்டரின் தேடி மாற்றும் வசதியே இவற்றில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும்.

நேரத்தை விழுங்கியது தரவைப் பிரித்தெடுத்ததுதான். பழைய பக்கங்களில் தரவும் தோற்றமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. உலாவியின் கன்சோலில் சிறு நிரல் ஒன்றை ஓட்டி, ஒவ்வொரு பட்டியல் பக்கத்திலிருந்தும் தலைப்பு, ஆசிரியர், விலை, பக்க எண்ணிக்கை ஆகியவற்றைத் திரட்டி ஒரு ஜேசன் (நிரல்கள் எளிதில் படிக்கும் தரவு வடிவம்) கோப்பாக்கினேன். விலை ஓரிடத்தில் ‘ரூ.150’ என்றும், இன்னோரிடத்தில் ‘₹ 150’ என்றும், வேறோரிடத்தில் ‘150/-’ என்றும் இருந்தது. ஒரே ஆசிரியரின் தலைப்பெழுத்துக்குப் பின் சில பக்கங்களில் இடைவெளி இருந்தது, சிலவற்றில் இல்லை. அப்படியே விட்டால் வடிகட்டும் பட்டியலில் அவர் இரண்டு ஆளாக நிற்பார். திரையில் பார்ப்பவர் கண்ணுக்கு இவையெல்லாம் ஒன்றுதான், நிரலுக்கு அப்படியில்லை.

தரவு ஒழுங்கானபின் காம்பொனென்ட்டுகள் தாமாகவே பிரிந்து வந்தன: நூல் அட்டை, வகைப் பொத்தான்கள், தேடல் பெட்டி, இவற்றை அடக்கிய பட்டியல். ஜேக்குவெரிப் பழக்கத்தில் வருபவர்கள் நூல்களைக் காட்டுவதையும் மறைப்பதையும் பற்றியே யோசிப்பார்கள். இங்கே தேடும் சொல், தேர்ந்தெடுத்த வகை ஆகிய இரண்டை மட்டும் பட்டியல் காம்பொனென்ட்டின் ஸ்டேட்டில், அதாவது அது நினைவில் வைத்திருக்கும் மாறும் தகவலில், வைத்தேன். எந்த நூல்கள் தெரிய வேண்டும் என்பது அவ்விரண்டிலிருந்தும் ஒவ்வொரு முறையும் கணக்கிடப்படுவதால், அதற்கென்று தனி ஸ்டேட் தேவைப்படவில்லை. ஒவ்வொரு அட்டையிலும் எத்தனை பிரதிகள் வேண்டும் என்று இடும் பெட்டி இருந்தது. இத்தகைய இடத்தில் ஒவ்வொரு அட்டையையும் ரியாக்ட் அடையாளம் காண உதவும் கீயாக வரிசை எண்ணைக் கொடுத்தால், வடிகட்டியதும் ஒரு நூலுக்கு இட்ட எண்ணிக்கை வேறொரு நூலின் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐஎஸ்பிஎன் எண்ணைக் கீயாக்கலாம் என்றால் பழைய வெளியீடுகள் சிலவற்றுக்கு அது கிடையாது. ஆகவே ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாக இருந்த பழைய ஹெச்டிஎம்எல் கோப்பின் பெயரையே கீயாக வைத்தேன்.

தேடலில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு, ஆங்கிலப் பாடங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள கொம்பும் காலும் ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட தலைப்புகளில் இரண்டாம் வகை மலிந்திருந்ததால், வாசகர் சரியாகத் தட்டச்சு செய்தும் நூல் அகப்படவில்லை. தேடும் சொல்லையும் தலைப்பையும் நார்மலைஸ் செயற்கூறில் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். அகரவரிசையிலும் இதே கவனம் வேண்டும்: ஒருங்குறி எண்களின்படி ழகரம் வகரத்துக்கு முன்னால் வருவதால், வெறும் சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தினால் ‘கழனி’ முந்திக்கொண்டு ‘கவிதை’ பின்னால் போகும். ஜாவாஸ்கிரிப்ட்டில் மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டல் கொலேட்டரைத் தமிழுக்கு அமைத்துப் பயன்படுத்தினால் வரிசை சரியாகிவிடும்.

முகப்பில் அட்டைப்படங்களை நகர்த்திக்காட்டும் ஜேக்குவெரி ஸ்லைடர் ஒன்று இருந்தது. அதை ரெஃப் (பக்கத்தில் உள்ள ஓர் உறுப்பைச் சுட்டும் வழி) வழியாக, காம்பொனென்ட் திரைக்கு வந்தபின் ஓடும் யூஸ்எஃபெக்ட்டுக்குள் இயக்கியபோது, உருவாக்கும் கட்டத்தில் ஸ்லைடரின் அடியில் இருக்கும் புள்ளிகள் இரண்டு வரிசையாகத் தோன்றின. 18ஆம் பதிப்பிலிருந்து பிழைகளைக் கண்டறிய உதவும் ஸ்ட்ரிக்ட் மோட் ஒவ்வொரு எஃபெக்ட்டையும் வேண்டுமென்றே ஒருமுறை இயக்கி, நீக்கி, மீண்டும் இயக்கிப் பார்ப்பதே காரணம். ஸ்லைடரைக் கலைக்கும் கட்டளையை, எஃபெக்ட் நீக்கப்படும்போது ஓடும் கிளீனப்பில் சேர்த்ததும் சிக்கல் தீர்ந்தது. ஸ்ட்ரிக்ட் மோடை நீக்கிவிடச் சொல்லும் யோசனைகளை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அது காட்டிக்கொடுத்தது உண்மையான குறையைத்தான்.

பதிப்பகத்தைப் பற்றிய பக்கமும் தொடர்பு முகவரிப் பக்கமும் இன்றும் பழைய ஹெச்டிஎம்எல்தான். அங்கே மாறுவது எதுவுமில்லை. ஒவ்வொரு நூலின் பக்கத்தையும் அதே ஜேசனிலிருந்து, அதே அட்டைக் காம்பொனென்ட்டைக் கொண்டு, தளத்தை வெளியிடத் தயார்செய்யும் பில்ட் கட்டத்திலேயே நிலையான ஹெச்டிஎம்எல்லாக எழுதி, பழைய முகவரியிலேயே வைத்துவிட்டேன். வாட்ஸாப்பில் இணைப்பைப் பகிரும்போது தெரியும் அட்டைப்படமும் தலைப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்காமலே படிக்கப்படுவதால், அவை ஹெச்டிஎம்எல்லில் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். ஜேசனில் ஒரு காற்புள்ளி தவறினாலும் பில்ட் நின்றுவிடும் என்பதால், அலுவலகத்தில் இருப்பவர்கள் திருத்துவதற்கு எக்செல் தாளையே கொடுத்திருக்கிறேன். அதிலிருந்து ஜேசனை உருவாக்கும் சிறு நிரல் பில்டுக்கு முன்னால் ஓடுகிறது, விலைக் கட்டத்தில் எண்ணைத் தவிர வேறு எது இருந்தாலும் எந்த வரிசையில் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.