சாண்டோரினி: கூடைக்குள் காய்க்கும் திராட்சை

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். கிரேக்கத் தீவான சாண்டோரினியின் அதினியோஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியதும், பிர்கோஸ் கிராமத்துக்கு 40 யூரோ கேட்டார் ஒரு டாக்சிக்காரர். கொஞ்ச தூர மலைப்பாதை, அவ்வளவுதான். பஸ் கண்ணெதிரே போய்விட்டதால், பேரம் பேசி 35-க்கு ஏறினேன். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அங்கேயே கரைந்தது.

இயா (Oia) கிராமத்தின் சூரிய அஸ்தமனத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை. முன்னால் நின்றவரின் முதுகைத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை மெகலோகோரி பக்கம் நடந்தபோதுதான் பயணம் உருப்பட்டது. திராட்சைத் தோட்டம்தான், ஆனால் பந்தல் இல்லை, கம்பி இல்லை. சாம்பல் நிற எரிமலை மண்ணில் யாரோ கூடைகளை மறந்துவிட்டுப் போனது போல் இருந்தது. குனிந்து இலையை விலக்கினால் உள்ளே மஞ்சள் பூத்த குலை! அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சை. ஆண்டுதோறும் கொடியைச் சுற்றிச் சுற்றிப் பின்னி இப்படிக் கூடையாக்குகிறார்கள். 'குலூரா' என்று பெயர். கடற்காற்றும் வெயிலும் குலையைத் தொடாமல் காக்கத்தான் இந்த ஏற்பாடு. கோடையில் மழை அநேகமாக இல்லை. இரவு ஈரத்தை நுரைக்கல் பிடித்துவைத்துக் கொடுக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்செரா வேர்ப்பூச்சிக்கு இந்த மண்ணில் பிழைப்பில்லை. அதனால் இங்கே ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே கொடி நிற்கிறது. கூடை கிழடுதட்டினால் வெட்டிவிடுகிறார்கள். பழைய வேரே மறுபடி துளிர்க்கிறது.

மதியம் ஒரு சிறிய உணவகத்தில் அசிர்டிகோ ஒயின் ஒரு கோப்பை 12 யூரோ. விலையைப் பார்த்து எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, எழவில்லை. முதல் வாய்க்கே எலுமிச்சைப் புளிப்பு தாடையைச் சுண்டியது. பின்னாலேயே ஓர் உப்புக் கரிப்பு. இத்தனை வெயிலில் பழுத்தும் புளிப்பு குறையாததுதான் இதன் பெருமை. கூடவே தக்காளி வடையும், ஃபாவா என்ற மஞ்சள் பருப்புக் கடையலும். மேலே வெங்காயம், ஆலிவ் எண்ணெய். தட்டைத் துடைத்துத் தின்றேன். கொடிக்குக் கொஞ்சம்தான் காய்க்கிறது, எல்லாம் கைவேலை. அந்த 12 யூரோவைக் கொள்ளை என்று சொல்ல மனம் வரவில்லை. டாக்சிக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெரும்பாலும் இதே திராட்சையை வெயிலில் உலர்த்திச் செய்யும் வின்சாந்தோ இனிப்பு ஒயினை வாங்கக் காசில்லை. புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

பஸ் நேரங்களையும் இங்கே எழுத நினைத்திருந்தேன். குறித்த தாள் தொலைந்துவிட்டது. திரும்பும் நாளில் தீவின் தலைநகரான ஃபிராவின் பஸ் நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றுகொண்டேன்.