தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் ரேடியேட்டர் மாற்றிய இரண்டு நாட்கள்

ஏப்ரல் மாதத்து வெயிலில் பெகுவிலிருந்து யாங்கோனுக்குத் திரும்பி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, வெல்லப்பாகு லேசாகக் கருகியதைப் போன்ற ஒரு வாசனை வந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சூடான உலோகத்தில் சொட்டினால் வரும் வாசனை அது. அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன தம்பியைப் பெரியப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "எஞ்சின் ஆறட்டும்டா, காலையில பாத்துக்கலாம்." அவர் பல வருடம் லாரி ஓட்டியவர். எங்கள் டொயோட்டா ப்ரோபாக்ஸ் காரின் ரேடியேட்டர் மூடியில் 1.1 என்று அச்சிட்டிருக்கும்; வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தத்தை அது உள்ளே தக்கவைக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும் என்பதால், மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்ட அந்த நொடியிலேயே உள்ளிருப்பது ஆவியாகப் பொங்கி முகத்தில் அடித்துவிடும்.

காலையில் பார்த்தபோது, மேல் ஹோஸ் சேரும் கழுத்துக்கு அடியில், பிளாஸ்டிக் தொட்டியில் மயிரிழை போன்ற ஒரு விரிசல் தெரிந்தது. இந்தக் காலத்து ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியமாகவும், மேலும் கீழும் உள்ள தொட்டிகள் பிளாஸ்டிக்காகவும் இருக்கின்றன. பல ஆண்டுகள் சூடேறியும் ஆறியும் அந்தப் பிளாஸ்டிக் பழுப்பேறி, நகத்தால் தட்டினால் கூரை ஓடு போல ஒலிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. பசை வைத்து அடைத்துக்கொள்ளலாம் என்று பலர் சொன்னார்கள். ஓரிடத்தில் இற்றுப்போன தொட்டி அடுத்த மாதம் வேறோர் இடத்தில் பிளக்கும் என்பதே என் எண்ணம்.

திஞ்ஞான் என்ற மியான்மர்த் தண்ணீர்த் திருவிழாவுக்கு இரண்டு நாட்களே இருந்தன. விழா தொடங்கிவிட்டால் கடையும் திறக்காது, மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார் என்பதால், அன்றே உதிரிபாகக் கடைக்குச் சென்றேன். ஜப்பானில் கழற்றிய பழைய ரேடியேட்டர் மலிவாகக் கிடைத்தும் நான் அதை வாங்கவில்லை. எங்களுடையது ஆட்டோ கியர் வண்டி. அதன் ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள்ளேயே கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ஒன்று ஓடுகிறது. அந்த உட்குழாயில் ஓட்டை விழுந்தால் ஆயிலும் கூலண்டும் கலந்து ஃபலூடாவின் நிறத்துக்கு மாறிவிடும். அதன்பின் கியர்பாக்ஸே பாழாகும். வெளியிலிருந்து பார்த்து அந்தக் குழாயின் நிலையை அறிய வழியில்லை. ஆகவே புதியதையே வாங்கினேன். கியர் ஆயில் குழாய்க்கான இரண்டு முனைகளும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் மேனுவல் கியர் வண்டிக்கான ரேடியேட்டரில் அவை இருக்கமாட்டா.

மறுநாள் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினோம். கீழேயுள்ள திருகைத் திறந்து பழைய கூலண்டை வாளியில் பிடித்தோம். மூன்று லிட்டருக்குச் சற்று மேல் இருந்தது. இந்த அளவைக் குறித்துக்கொள்வது பின்னால் மிகவும் உதவும். வாளியைத் திறந்து வைக்கக் கூடாது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிக் குடித்துவிடும், கொஞ்சம் உள்ளே போனாலும் அவை செத்துவிடும்; எங்கள் தெருவில் நாய்கள் அதிகம். அதைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடியுள்ள டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் சேர்த்து வைக்கும் பட்டறை ஒன்றில் கொடுத்தோம்.

ஹோஸ்கள் பல வருடம் ஒட்டிக் கிடந்ததால் எளிதில் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல், கையால் இடமும் வலமும் திருகித் திருகித்தான் விடுவிக்க வேண்டும். கியர் ஆயில் குழாய்களைக் கழற்றியவுடன் முனைகளைச் சுத்தமான துணியால் அடைத்தோம். ஒரு மணல் துகள்கூட உள்ளே போகக் கூடாது. ஃபேனைப் பழைய ரேடியேட்டரிலிருந்து புதியதற்கு மாற்றியது பத்து நிமிட வேலை. உள்ளே இறக்கும்போது அலுமினியத் தகடுகள் நசுங்காமலிருக்க, முன்பக்கத்தில் ஓர் அட்டையைச் செருகிக்கொண்டோம். ஹோஸ் கிளிப்புகளை அவற்றின் பழைய தடத்திலேயே பொருத்தினோம்.

பொறுமை மிகவும் தேவைப்பட்டது கூலண்ட் நிரப்பும்போதுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அலுமினியத்தில் உப்புப் படியவைக்கும் என்பதால், தண்ணீர் கலந்தே விற்கும் டொயோட்டாவின் ரோஜா நிறக் கூலண்டை வாங்கியிருந்தோம். மெல்ல ஊற்றினோம், மேல் ஹோஸை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினோம், மீண்டும் ஊற்றினோம். பேட்டரியை இணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி போடாமல் எஞ்சினை ஓடவிட்டோம். கூலண்ட் ரேடியேட்டருக்குள் சுற்றிவரும் வழியை அடைத்து வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு 82 டிகிரி அளவில் திறக்கும். அதுவரை குளிர்ந்திருந்த கீழ் ஹோஸ் அப்போதுதான் சூடாகும். தொட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்த தம்பி "வந்துருச்சுண்ணே!" என்று கூவியதும் மட்டம் சட்டென்று இறங்கியது. அதை நிரப்பி மூடியைப் போட்டோம். ஊற்றிய அளவு, வடித்ததையும் கசிந்து போயிருக்கக்கூடியதையும் விடக் குறைவாக இருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போதே கியர் ஆயிலின் அளவையும் பார்த்து, குறைந்திருந்த சிறிதளவைச் சேர்த்தோம்.

அடுத்த நாள் காலை எஞ்சின் ஆறியிருந்தபோது, ரேடியேட்டரோடு இணைந்த பக்க டப்பாவில் கூலண்ட் மட்டம் ஒரு விரலளவு இறங்கியிருந்தது. நிரப்பிவைத்தேன். திருவிழாவின் கடைசி நாளில் பெரியப்பாவை ஏற்றிக்கொண்டு மறுபடியும் பெகுவுக்குப் போய்வந்தோம்; அந்த மட்டம் கோட்டிலேயே நின்றது.