விலா எலும்பின் கீழே

முப்பது வயது வரை, மாதம் இரண்டு மூன்று முறை அலுவலக நண்பர்களோடு சேர்ந்து குடித்துவந்தேன். நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்த நண்பர்களில் ஒருவருக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது என்ற செய்தி சென்ற மார்கழியில் வந்ததிலிருந்து, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே அழுத்திப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. காலையில் கண்ணாடி முன் கீழ் இமையை இழுத்து, வெள்ளை விழியில் மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குளியலறை விளக்கில் சந்தேகம் தீராமல், மொட்டை மாடி வெயிலில் மீண்டும் பார்ப்பேன். கல்லீரல் பெரும்பாலும் வலியால் எச்சரிப்பதில்லை என்று படித்த பிறகு, வலி இல்லாததே எனக்கு அச்சமாயிற்று.

மனைவியின் வற்புறுத்தலால்தான் மருத்துவரிடம் சென்றேன். இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகளின் அளவுகள் இயல்பாக இருந்தன. அவை மட்டும் போதாது என்று அவர் வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அதில் கல்லீரலில் லேசான கொழுப்பு தெரிந்தது. எனக்குக் கை நடுங்கியது. மதுவால் படியும் கொழுப்பு, குடியை விட்ட சில வாரங்களிலேயே பெரும்பாலும் குறைந்துவிடும் என்றும், தழும்பேறி இறுகிய நிலைதான் எளிதில் மீளாது என்றும், இப்போது தெரிவது என் எடையாலும் தொப்பையாலும் வந்ததாகவே இருக்கும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். பழைய குடியையே நினைத்து நடுங்கிய நான், இன்றைய தட்டில் குவிந்த சோற்றை ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது மாலையில் நடக்கிறேன். இரவில் கை இன்னும் அந்த இடத்துக்கே போகிறது. அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை.