ஃபார்மசி வீதியில் அழித்த கோடு

ஃபார்மசி அவெனியூவில் சைக்கிள் பாதைக் கோட்டைச் சுரண்டி எடுத்த பிறகும், மழை பெய்த இரவுகளில் அந்தக் கோடு கொஞ்சக் காலம் தெரிந்துகொண்டிருந்தது. காய்ந்த நாளில் ஒன்றும் இராது. ஈரத் தாரில் தெருவிளக்கு விழும்போது மட்டும், ஆறிய காயத் தழும்பு மாதிரி நீளமாகப் பளபளக்கும். வேலை முடிந்து நடுச்சாமத்தில் வருகிற நான் அந்தத் தழும்புக்கு உள்பக்கமாகத்தான் சைக்கிள் ஓடுவேன். அது என்னைக் காப்பாற்றும் என்று நினைத்து அல்ல. பழக்கம்.

2011 ஜூலையில் ரொறன்ரோ மாநகரசபை மூன்று வீதிகளில் சைக்கிள் பாதையை எடுக்க வாக்களித்தது. டவுன்டவுனில் ஜார்விஸ், எங்கள் ஸ்காபரோவில் பேர்ச்மவுண்டும் ஃபார்மசியும். அப்போது மேயர் ரொப் ஃபோர்ட். அவருடைய அண்ணன் டக் ஃபோர்ட் அதே சபையில் உறுப்பினர். ஜார்விஸுக்காகச் சனம் கத்தியது, 2012 இறுதியில் கோடு அழிக்க வந்த வண்டியையே மறித்துப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து இரண்டு வீதிக்கும் ஒருவரும் மறிக்கவில்லை. நானும்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

நான் புளோர் வீதியில், ஸ்படைனாவுக்குக் கிட்ட ஓர் இத்தாலியன் உணவகத்தில் சமையல். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து குசினிதான். முதலில் கோப்பை கழுவினேன், பிறகு சாலட், இப்போது அடுப்பு. வீட்டுக்கு 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரயில் இருக்கிறது, சரி. ஆனால் ஒரு மணிக்குக் கடையைக் கழுவிப் பூட்டிவிட்டுக் கடைசி ரயிலைத் துரத்துகிற வயது எனக்கு இல்லை. சைக்கிளில் 40 நிமிடம். 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது நாங்கள் பள்ளிக்கூடம், ஆசுபத்திரி, கலியாணவீடு எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். பாரில் ஒருவர், கரியரில் ஒருவர். இது றோட்டில் போகலாமா என்று அங்கே எவரும் கேட்டதில்லை.

இங்கே கேட்கிறார்கள். ரொப் ஃபோர்ட் பதவியேற்ற அன்று, 2010 டிசம்பரில், ஹொக்கி வர்ணனையாளர் டொன் செரி பளிச்சென்று பிங்க் உடுப்பில் வந்து, சைக்கிள் ஓடுகிற இடதுசாரிகளைப் ‘பிங்கோக்கள்’ என்று நக்கலடித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் குசினியில் இதைச் சொல்லிச் சிரித்தோம். எங்கள் குசினியில் இருக்கிற ஒரே பிங்க் சாமான் இறால்தான்.

இப்போது டக் ஃபோர்ட் ஒன்ராறியோ மாகாண முதல்வர். 2024 அக்டோபரில் அவருடைய அரசாங்கம் கொண்டுவந்த மசோதா 212 நவம்பரில் சட்டமாகிவிட்டது. அப்போது அந்தச் சட்டம் சொன்னது: புளோர், யங், யூனிவர்சிட்டி மூன்று வீதிகளிலும் உள்ள பாதைகளை மாகாணமே எடுக்கும்; இனிக் கார் லேனைக் குறைத்துச் சைக்கிள் பாதை போடுவதென்றால் நகரங்கள் மாகாணத்திடம் அனுமதி கேட்க வேண்டும். எடுக்கிற செலவு மட்டும் 48 மில்லியன் டொலர் என்று நகர அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். முதல்வர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் மார்க்கம் நகரில் இருக்கும் என் மச்சான் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“அத்தான், குறை நினைக்காதேங்கோ. பனிக்காலத்தில அந்த லேன் காலியாக் கிடக்கு. நான் பக்கத்தில அரை மணித்தியாலம் நிக்கிறன். வேலைக்குப் போற சனம் நிக்குது, பொழுதுபோக்குக்கு ஓடுறவை பறக்கினம்.”

அவன் சொன்னதில் முதல் பாதி உண்மை. ஜனவரியில் நானே சில நாள் ரயிலில்தான் போவேன். நெரிசலும் உண்மை, கட்டுமான வேலிகள், வீடுவீடாகச் சாமான் போடும் வான்கள், எங்கு பார்த்தாலும் கார். ஆனால் இரண்டாவது பாதிதான் எனக்குச் சுட்டது. வேலைக்குப் போகிறவன் காரில் போவான், சைக்கிளில் போகிறவன் பொழுதுபோக்குகிறான்! அப்போ நான் யார்? ஒன்றரை மணிக்குப் புளோரில் நின்று பார்த்தால் தெரியும். கோப்பை கழுவி முடித்துப் போகிறவர்கள், முதுகில் பெட்டியோடு சாப்பாடு கொண்டோடும் மாணவர்கள், ஆசுபத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிற ஒரு அம்மா.

இதை அவனிடம் சொல்லவில்லை. ரோல்ஸ் வந்துவிட்டது.

புளோரில் பாதை வருமுன் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நிறுத்தியிருக்கும் கார் வரிசைக்கும் ஓடுகிற கார் வரிசைக்கும் நடுவில் ஒரு முழம் இடம். ஒருநாள் ஒருவர் கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறந்தார். கதவு என் கைப்பிடியில் அடித்தது, நான் மற்றப் பக்கமாக, ஓடுகிற லேனுக்குள் விழுந்தேன். பின்னால் வந்த டக்சி நின்றது. நின்றது என்பதால் எழுதுகிறேன். இடது மோதிர விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது, வெங்காயம் பிடிக்கும்போது தெரியும். 2016 ஓகஸ்டில் ஷோ வீதியிலிருந்து அவெனியூ றோட் வரை பரீட்சார்த்தமாகப் பாதை போட்டார்கள், அடுத்த வருடம் நிரந்தரமாக்கினார்கள். அதற்குப் பிறகு கார்க் கதவு எனக்கு எட்டவில்லை.

அதே அவெனியூ றோட்டுக்குக் கிட்டத்தான், 2024 ஜூலையில், 24 வயதுப் பிள்ளை ஒன்று லொறியில் அடிபட்டுச் செத்தது. சைக்கிள் பாதைக்குள் கட்டுமானக் குப்பைத் தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதைச் சுற்றிப் போகக் கார் லேனுக்குள் இறங்கியிருக்கிறாள். பிறகு அந்த இடத்தில் அவள் நினைவாக வெள்ளை அடித்த சைக்கிள் ஒன்று வைத்தார்கள். அது கண்ணில் பட்ட இரவுகளில் நான் மணியைத் தொடாமல், மெதுவாகப் போவேன். மூன்று மாதத்தில் மசோதா வந்தது. அதைவிட, பாதையை எடுத்ததால் யாராவது அடிபட்டாலும் மாகாணத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று நடுவில் ஒரு பிரிவும் சேர்த்தார்கள். எனக்கு எரிந்தது அதில்தான். ஆபத்தே இல்லை என்று நம்புகிறவனுக்கு அந்தப் பிரிவு எதற்கு?

“பக்கத்துச் சின்னத் தெருவால போகட்டும்” என்கிறார்கள். சரி, போவோம். ஹார்போர்ட், ஹொஸ்கின், வெலஸ்லி என்று கிழக்கே போகலாம், நல்ல தெருக்கள்தான். அதற்குப் பிறகு? டொன் பள்ளத்தாக்கு. சின்னத் தெரு ஒன்றும் பள்ளத்தாக்கைத் தாண்டாது. தெற்கே இறங்கி ஜெரார்ட் பாலத்தைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் திரும்பப் புளோருக்கே ஏறி, 1918இல் திறந்த அந்தப் பெரிய பாலத்தால் டான்ஃபோர்த்துக்குப் போக வேண்டும். அரை கிலோமீட்டர் நீளப் பாலம், குளிர்காலத்தில் காற்று பள்ளத்திலிருந்து மேலே அடிக்கும், சைக்கிள் தானாகவே ஒரு சாண் நகரும். வரைபடத்தில் விரலை வைத்து “இதால போ” என்கிறவர்கள் ஒருநாள் பெப்ரவரியில் அதில் ஓடிப் பார்க்கட்டும்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்தது. சைக்கிள் ரொறன்ரோ அமைப்பும் சைக்கிளோட்டிகள் இருவரும் போட்டது. 2025 ஜூலை 30இல் நீதிபதி போல் ஷாபாஸ் தீர்ப்புச் சொன்னார்: எடுப்பது உயிருக்கும் பாதுகாப்புக்கும் உள்ள சாசன உரிமையை மீறுகிறது, எடுத்தால் நெரிசல் குறையும் என்பதற்குச் சான்றும் இல்லை. அரசாங்கம் மேன்முறையீட்டுக்குப் போகிறோம் என்றது. மச்சான் அன்றிரவே வட்ஸ்அப்பில் ஒரு அழுகைமுகம் போட்டான். நான் பதிலுக்கு ஒரு இறால் போட்டேன். அவனுக்கு விளங்கியிராது.

எங்களிடம் கோப்பை கழுவ ஒரு தம்பி புதிதாக வந்திருக்கிறான், படிக்க வந்த பிள்ளை. போன கிழமை யாரிடமோ 80 டொலருக்குச் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். பின் லைட் இல்லை, முன் பிரேக் ரப்பர் தேய்ந்துபோயிருக்கிறது. “அண்ணை, இது ஓடுமோ?” என்றான். கடைக்குப் பின்னால், எண்ணெய் வாளிகளுக்குப் பக்கத்தில் தலைகீழாக நிறுத்தி, என் பையில் கிடந்த பழைய லைட்டை ரப்பர் பட்டியால் கட்டிவிட்டேன். பிரேக்குக்கு நாளைக்குப் பார்ப்போம், இன்றைக்கு என் பின்னால் வா என்றேன்.

பாலத்துக்கு ஏறுமுன் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை கோட்டுக்குள்தான் வந்துகொண்டிருந்தான், லைட் மினுங்கிக்கொண்டு.