காளை கத்திய சாயங்காலம்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போகிறவர்கள் இசைமேதை மொட்சார்ட் பிறந்த வீட்டைத்தான் முதலில் தேடுவார்கள். நான் தேடிப் போனது ஒரு காளையை.

அது இருப்பது ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டையில். 1077இல் பேராயர் கெப்ஹார்ட் கட்டத் தொடங்கிய மலைக்கோட்டை. மேலே ஏற 1892 முதல் கம்பிவட ரயில் ஓடுகிறது. பழனியில் வின்ச் ஏறியவர்களுக்கு அது புதிதில்லை. செப்டம்பர் கூட்டத்தில் வரிசை நின்று மேலே சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். காளை பதினொரு மணிக்கே கத்தி முடித்துவிட்டது. இனி சாயங்காலம் ஆறுக்குத்தான்.

சரி, நேரம் கிடக்கிறதே என்று அருங்காட்சியகங்களைச் சுற்றினேன். வாள், ஈட்டி, கவசம், சீருடை; கொஞ்ச நேரத்தில் எல்லாக் கவசமும் ஒன்றுபோலத் தெரிந்தது. பொம்மலாட்டப் பொம்மைகள் பரவாயில்லை. ஆனால் பேராயர் லியோன்ஹார்டின் பொன்னறையில் கால் நின்றுவிட்டது. 1501இல் செய்த கணப்பு, ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. வண்ண மெருகு ஓடுகளில் பூவும் பழமும் குட்டி உருவங்களும். பக்கத்து மண்டபத்தின் நீலக் கூரையில் தங்கக் குமிழ்கள் நட்சத்திரமாய்ப் பதிந்திருக்கின்றன. இவ்வளவு ஆடம்பரக்காரரின் குலச் சின்னம் என்ன தெரியுமா? டர்னிப் கிழங்கு! கோட்டையின் சிங்கம்கூட அதைத்தான் பிடித்திருக்கிறது.

காளையை வைத்தவரும் அவரே, 1502இல். நிஜக் காளை இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட குழல்கள் கொண்ட இயந்திர ஆர்கன். துருத்தி காற்றூதும், முள் பதித்த உருளை சுழன்று மெட்டு எழுப்பும். ஆரம்பத்தில் மெட்டெல்லாம் கிடையாது, ஊரை எழுப்பவும் உறங்க வைக்கவும் ஒரே முழக்கம்தான். பிறகு மாதத்துக்கொரு மெட்டு சேர்ந்தது. மொட்சார்ட்டின் அப்பா லியோபோல்ட் அந்தப் பன்னிரண்டையும் 1759இல் அச்சிட்டு வெளியிட்டார். அவற்றில் பல அவரே அமைத்தவை.

ஆறு மணிக்குக் கீழே கபிடல் சதுக்கத்தில் நின்றேன். முதலில் மணிக்கூண்டின் மணிகள். அவை ஓய்ந்ததும் தலைக்கு மேலே அந்தக் குரல். ஷட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் ஒரே மூச்சில், சுருதி கொஞ்சம் முரடாக ஊதினால் எப்படியிருக்கும்? அப்படி. அப்புறம் மெல்லிய மெட்டு, மறுபடி அதே கத்தல்.

சதுக்கத்தில் தரையிலேயே பெரிய சதுரங்கப் பலகை வரைந்திருக்கிறார்கள். இடுப்புயரக் குதிரையைக் கட்டிப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.