அந்த இரண்டு நாள்

திருப்பூரில் ஒரு மெடிக்கலில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சுற்றிலும் பனியன் கம்பெனிகள், ராத்திரி எட்டரை மணிக்கு ஷிப்ட் விட்டதும் கடை வாசல் நிறைந்துவிடும். ஒரு வியாழக்கிழமை ஓவர்லாக் டெய்லரான ஒரு அக்கா சீட்டை நீட்டினார். காய்ச்சல், தொண்டை வலி. செஃபிக்ஸிம் 200 என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, காலையும் இரவும் ஐந்து நாளைக்கு என்று எழுதியிருந்தது. "தம்பி, ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க, சனிக்கிழமை சம்பளம் வந்ததும் மீதியை வாங்கிக்கிறேன்" என்றார். பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை அவர் வரவில்லை.

ஏழைகளுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால்தான் ஆன்டிபயாடிக்கை இஷ்டத்துக்குச் சாப்பிடுகிறார்கள் என்று யாராவது பேசும்போது எனக்குக் கோபம்தான் வரும். அந்த அக்காவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை, முழுசாகச் சாப்பிட வேண்டும் என்று நான் சொன்னதற்கு "தெரியும் தம்பி" என்றுதான் பதில் சொன்னார்.

முதலில் அந்தச் சீட்டு ஏன் எழுதப்பட்டது என்று பார்க்கணும். தொண்டை வலியோடு வரும் காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸ், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பாராசிட்டமால் கொடுத்து, "ரெண்டு நாள் பாருங்க, குறையலேன்னா வாங்க" என்று அனுப்புவதுதான் சரியான வைத்தியம். ஆனால் திரும்பி வரக்கூடியவரிடம்தானே அப்படிச் சொல்ல முடியும்? இவர் மறுபடி வந்தால் மறுபடி ஃபீஸ், ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகப் பணம், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி (பீஸ் ரேட்) என்பதால் தைக்காத நாளுக்கு அதுவும் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தான், ஆனால் காலையில் ஓபி நடக்கும் நேரத்தில் இவர் மெஷினில் உட்கார்ந்திருப்பார். ஒருவேளை டைபாய்டாக இருந்து, முற்றிய பிறகு வந்தால்? வெளியே இன்னும் ஐம்பது பேர் காத்திருக்கும்போது அந்தப் பயத்தில் டாக்டர் இன்றைக்கே எழுதிவிடுகிறார். அதே காய்ச்சல் வசதியான வீட்டில் ஒருவருக்கு வந்தால் டாக்டருக்கு போன் போகும், பாராசிட்டமாலோடு முடிந்துவிடும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பையன்களுக்கு இன்னும் கஷ்டம், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டருக்குப் புரியும்படி சொல்லவே அவர்களால் முடியாது. விசாரிக்க முடியாத இடத்தில் டாக்டர் என்ன செய்வார், எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து எழுதுகிறார்.

இங்கிலாந்தில் டாக்டரைப் பார்க்கக் காசு கிடையாது. அங்கேயும் வசதி குறைந்த பகுதிகளில்தான் ஆன்டிபயாடிக் சீட்டுகள் அதிகம். ஈரம் ஊறிய வீடுகள், புகைப்பழக்கம், நாள்பட்ட நுரையீரல் நோய் எல்லாம் அந்தப் பகுதிகளில்தான் கூடுதல், நோயும் அங்கேதான் அதிகம் வருகிறது. ஃபீஸை எடுத்துவிட்டால் மட்டும் இது தீராது என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் முதல், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலான ஹெச்1 அட்டவணையில் உள்ளவற்றுக்குத் தனிப் பதிவேடு வைத்து, நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதி, மூன்று வருஷம் பாதுகாக்கணும். செஃபிக்ஸிமும் அதில் வரும். அந்த அக்கா பெயரையும் எழுதினேன், மாத்திரை நான்கு என்று. சட்டப்படி எல்லாம் சரி. மீதி ஆறை வாங்க அவரிடம் காசில்லை என்பதற்கு அந்தச் சட்டத்தால் என்ன செய்ய முடியும்?

தொழிலாளர்களுக்கான ஈஎஸ்ஐ காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். பத்துப் பேருக்கும் குறைவாக வைத்து நடத்தும் ஜாப் ஒர்க் யூனிட்டில் அது கட்டாயம் கிடையாது. இருக்கிறவர்களுக்கும் நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம், ஆனால் நோயின் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. டாக்டர் காத்திருக்கச் சொல்ல வேண்டிய அதே இரண்டு நாள்! அந்த இரண்டு நாளுக்குக் கூலி கொடுங்கள், சாயங்கால ஓபியைத் திறந்து வையுங்கள், அப்புறம் விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டலாம்.

ஒரு மாதம் கழித்து அந்த அக்கா மறுபடி வந்தார், இந்த முறை சீட்டு இல்லாமல். பையனுக்குக் காய்ச்சலாம். "அன்னிக்கு வாங்குனதுல ரெண்டு மாத்திரை மிச்சம் வெச்சிருக்கேன் தம்பி, ஏழு வயசுப் பையனுக்குப் பாதி குடுக்கலாமா?" என்று கேட்டார்.