லினக்ஸில் ஒரு 1997 விளையாட்டு: நாட்குறிப்பு

2025 மார்ச் 1, சனி

அலமாரியின் மேல்தட்டை ஒழுங்கு செய்யும்போது டோட்டல் அனைஹிலேஷன் சிடி உறை கையில் கிடைத்தது. இரண்டு சிடிகளும் உள்ளேயே இருக்கின்றன. உறையின் ஒரு கீல் உடைந்திருக்கிறது. கூடவே நான்காக மடித்த ஒரு தாள். அதில் அக்கா பென்சிலில் எழுதிவைத்த குறிப்புகள்: கன்ட்ரோல் சி அழுத்தினால் கமாண்டர் (நம் தலைமை ரோபோ), டி அழுத்தினால் டி-கன் (அதன் பெரிய ஆயுதம்).

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேவ்டாக் நிறுவனம் உருவாக்கி, 1997-இல் வெளிவந்த போர் வியூக விளையாட்டு இது. வடிவமைப்பின் தலைமை கிறிஸ் டெய்லர். ஆர்ம், கோர் என்று இரண்டு தரப்புகள், உலோகமும் மின்சக்தியும்தான் செல்வம். பீரங்கி சுட்டால் குண்டு நிஜமாகவே வளைந்து போய் விழும், குறுக்கே மலை இருந்தால் அதில் மோதி நின்றுவிடும். அந்தக் காலத்தில் அதுவே எங்களுக்குப் பெரிய அதிசயம்.

விளையாடியது அக்கா. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். இதை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று இன்று முடிவு செய்தேன். என் கணினியில் இருப்பது லினக்ஸ் மட்டும், விளையாட்டோ விண்டோஸ் 95 காலத்தது. செய்வதை எல்லாம் இங்கே எழுதி வருகிறேன். இதே வேலையில் இறங்கும் யாருக்காவது பயன்படட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் வேலை வைன். விண்டோஸ் நிரல் ஒன்று "எனக்கு ஒரு ஜன்னல் திற, இந்தக் கோப்பைப் படி" என்று கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பதுதான் வைனின் வேலை. முழுக் கணினியையும் போலியாக உருவாக்குவதில்லை, அதனால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. 1993-இல் தொடங்கிய திட்டம், 1.0 பதிப்பு வந்தது 2008-இல்தான். பதினைந்து வருடம் பொறுமையாக உட்கார்ந்து எழுதியவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

நிறுவிவிட்டு விளையாட்டின் நிரலைத் திறந்தேன். இந்தக் கோப்பின் வடிவம் சரியில்லை என்று மறுத்துவிட்டது. கோப்பில் எந்தக் குறையும் இல்லை. என் லினக்ஸ் 64 பிட், விளையாட்டு 32 பிட், அதற்குத் தேவையான 32 பிட் நூலகங்கள் (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்புகள்) என் கணினியில் இல்லை, அவ்வளவுதான். நிரல்களை நிறுவித்தரும் தொகுப்பு மேலாளரில் ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்து, வைனின் 32 பிட் பகுதியையும் நிறுவியதும் அந்தச் செய்தி போய்விட்டது.

இந்த விளையாட்டுக்கென்று வைனில் தனி ஃபோல்டர் ஒன்று வைத்துக்கொண்டேன். ஒன்றுக்காகச் செய்யும் மாற்றம் இன்னொன்றைக் கெடுக்காமல் இருக்க இதுதான் வழி.

மார்ச் 5, புதன்

எங்கள் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். 40 ஊசி உள்ள பழைய ஐடிஈ வகை. யூஎஸ்பி அடாப்டரில் மாட்டியபோது முதலில் கணினிக்குத் தெரியவே இல்லை. பின்பக்கம் இருக்கும் ஜம்பர் என்ற குட்டி இணைப்புத் துண்டை இடுக்கியால் பிடுங்கி மாஸ்டர் இடத்தில் செருகினேன். டிஸ்க் ஒருமுறை முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

விளையாட்டு ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. உள்ளே அக்காவின் சேவ் ஃபைல்களும் இருக்கின்றன. கடைசியாகச் சேமித்த தேதி 1999. வேறு எதையும் தொடாமல் முதலில் எல்லாவற்றையும் நகலெடுத்து, அந்த நகலுக்கு இன்னொரு நகலும் எடுத்து வைத்தேன்.

மார்ச் 8, சனி

இன்று முழுவதும் திரையோடு மல்லுக்கட்டு.

திறந்ததும் திரை 640-க்கு 480 அளவுக்கு மாறியது, ஒரு நொடி கறுப்பு, அப்புறம் விளையாட்டு மூடிக்கொண்டது. ஆனால் திரையின் அளவு திரும்பி வரவில்லை. எல்லாம் பூதாகரமாக நின்றன, அமைப்புகள் ஜன்னலின் பாதி திரைக்கு வெளியே. எக்ஸ்ரேண்டர் கட்டளை கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு வைன் அமைப்பில் மெய்நிகர் மேசைத்தளத்தை இயக்கிவிட்டேன். இனி விளையாட்டு என்ன அளவு கேட்டாலும் அது ஒரு ஜன்னலுக்குள்ளேயே நடக்கும், என் திரையை அது தொடாது.

அடுத்து நிறம். மெனு தெரிந்தது, ஆனால் சுட்டியை நகர்த்தினால் அது போன வழியெல்லாம் தேய்ந்த கோடாக நின்றது, சில இடங்கள் ஊதாவாக மாறின.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கால விளையாட்டுகள் பலவற்றுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு புள்ளிக்கும் இந்த விளையாட்டு நிறத்தை எழுதுவதில்லை, 0 முதல் 255 வரை ஒரு எண்ணை மட்டும் எழுதுகிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது தனியாக ஓர் அட்டவணையில் இருக்கும். அட்டவணையை மாற்றினால், படத்தைத் தொடாமலே முழுத் திரையின் நிறமும் மாறிவிடும். நினைவகம் குறைவாக இருந்த காலத்தில் இது அருமையான உத்தி. இன்றைய திரைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரடியாக நிறத்தையே எதிர்பார்க்கின்றன. இடையில் யாராவது எண்ணை நிறமாக்கிக் கொடுக்க வேண்டும், அதுவும் திரையில் வரும் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும், அட்டவணை மாறும் அதே கணத்தில்.

அதற்குக் கிடைத்த ஆள் சிஎன்சி-டிடிரா என்ற சிறு நிரல். கமாண்ட் அண்ட் காங்கர் விளையாட்டுகளுக்காகத் தொடங்கியது, இப்போது இதே காலத்து விளையாட்டுகள் பலவற்றுக்கும் உதவுகிறது. அதன் டிடிரா டிஎல்எல் கோப்பை (திரையில் வரையும் நூலகம்) விளையாட்டு ஃபோல்டரில் போட்டேன். வைன் அமைப்பின் நூலகங்கள் பக்கத்தில், தன்னுடைய டிடிராவை விட்டுவிட்டு முதலில் இதை எடுக்கும்படி மாற்றினேன். இந்த ஒரு வரியை மறந்தால் கோப்பைப் போட்டதற்குப் பலனே இல்லை.

மறுபடி திறந்தேன். மெனு பளிச்சென்று வந்தது. ஒரு களத்தைத் திறந்து கமாண்டரை நடக்கவிட்டேன், ஓடுகிறது! நள்ளிரவு தாண்டிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அக்காவைக் கூப்பிட்டு வீடியோவில் திரையைக் காட்டினேன். கமாண்டரைப் பார்த்ததும் அப்படிச் சிரித்தாள். சோலார் கலெக்டர் கட்டும்போது பறக்கும் பச்சைத் துகள்களைப் பார்த்து, "அப்படியே இருக்குடா" என்றாள். அப்புறம் சற்று நேரம் பேசவில்லை.

"சத்தத்தக் குறைச்சு வச்சிருக்கியா?"

"இல்லையே, வெடிச்சத்தம் கேக்குதே."

"அதில்லடா. மியூசிக் எங்க?"

நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் காது வேறெதையும் தேடவில்லை. இந்த விளையாட்டின் இசை ஜெரமி சோல் அமைத்து, நிஜ ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. அது இல்லாமல் ஓடுவதை ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 13, வியாழன்

தவறு எங்கே என்று புரிந்துவிட்டது. சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்து அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் இது கலப்பு வகை சிடி. முதல் தடம் மட்டும் தரவு, இரண்டாவதிலிருந்து சாதாரண பாட்டு சிடி போலவே ஒலித்தடங்கள். ஐஎஸ்ஓ எடுத்துக்கொள்வது தரவை மட்டும்தான். இசை முழுவதும் சிடியிலேயே தங்கிவிட்டது. விளையாட்டு இசையைக் கோப்பாகத் தேடுவதில்லை, "ஐந்தாம் தடத்தை வாசி" என்று சிடி டிரைவிடம் சொல்கிறது. அந்த முனையில் இப்போது யாரும் இல்லை.

சிடிபாரனோயா என்ற நிரலைக் கொண்டு ஒலித்தடங்களை எடுத்தேன். படிக்கும்போது அது கட்டளைத் திரையில் ஒரு குட்டி முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். நன்றாகப் படித்தால் சிரிக்கும், தடுமாறினால் முகம் கோணும். ஏழாம் தடத்தில் முகம் கோணி, டிரைவ் நின்று நின்று ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. சிடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தால் ஓரத்தில் நீளமாக ஒரு கீறல். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து (வட்டமாகத் துடைக்கவே கூடாது) மறுபடி வைத்தேன். நாற்பது நிமிடம் ஆனது, கடைசியில் முகம் சிரித்தது.

எல்லாவற்றையும் ஓஜிஜி வகை ஒலிக்கோப்புகளாக்கி, ஓஜிஜி-வின்எம்எம் என்ற சிறிய டிஎல்எல்லை விளையாட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சிடிக்குப் போகும் கட்டளையை அது வாங்கி, கோப்பிலிருந்து வாசிக்கும். வைனில் இதற்கும் அதே முன்னுரிமை வரி தேவை. இசை வந்துவிட்டது.

மார்ச் 15, சனி

அக்காவுக்கு மறுபடி காட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒருத்தனும் வரல, அதுக்குள்ள ஏன் சண்டை மியூசிக்?"

கேட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. அமைதியாகக் கட்டடம் கட்டும்போது முரசும் பித்தளைக் கருவிகளும் முழங்குகின்றன, சண்டை தொடங்கியதும் இசை சாந்தமாகிவிடுகிறது.

கோப்புகளின் பெயரைப் பார்த்ததும் தெரிந்தது. ஓஜிஜி ஆக்கும்போது எண்களை ஒன்றிலிருந்து போட்டுவிட்டேன். சிடியில் ஒன்று என்பது தரவுத் தடம், இசை தொடங்குவதே இரண்டில். எல்லாத் தடங்களும் ஓர் இடம் தள்ளிப்போயிருந்தன. விளையாட்டு நிலைமைக்கு ஏற்ற தடத்தைச் சரியாகவே கேட்டிருக்கிறது, போனது மட்டும் அடுத்த தடம். பெயர்களை மாற்ற ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

எந்தப் பிழைச் செய்தியும் இதை எனக்குச் சொல்லியிருக்காது. வைனைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா நேரிலேயே வந்துவிட்டாள். அந்தப் பென்சில் தாளைக் காட்டினேன், வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். அது தேவைப்படவில்லை. 1999 சேவ் ஃபைலைத் திறந்தோம். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனால் தயக்கமில்லாமல் திறந்தது. அதே பழைய ஃபோல்டர், அதே பதிப்பு என்பதால் சிக்கல் வரவில்லை போலிருக்கிறது.

திரையில் பாதி கட்டி நின்ற ஒரு தொழிற்சாலை, அதைச் சுற்றி மூன்று டாங்குகள். "மின்சாரம் பத்தல, அதான் நிறுத்தி வச்சேன்" என்றாள், நேற்று நடந்ததைச் சொல்வது போல. மூலையில் சோலார் கலெக்டர்களை வரிசையாகக் கட்ட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் பழைய மாதிரியே உட்கார்ந்துகொண்டேன்.

பத்து நிமிடம் இருக்கும். வயலின்கள் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று இசை மாறியது. திரையில் எதிரி ஒருவனும் தெரியவில்லை, அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் கலெக்டர்கள் மட்டும்தான்.

"வடக்கால வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே கன்ட்ரோல் சி அழுத்தினாள்.